அளாவு மர நெறிமுறை

அளாவு மர நெறிமுறை என்பது ஈதர்நெட் வலையமைப்புகளில் சுழல் பாதைகள் உருவாகாமல் தடுக்கும் நெறிமுறை ஆகும். கணினித் துறையில் இது ஸ்பானிங் ட்ரீ புரோட்டோகால் என்றும், சுருக்கமாக எஸ்.டி.பி. என்றும் அழைக்கப்படுகின்றது. ஒன்றுடன் ஒன்று இணைக்கப்பட்ட சுவிட்சுகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறி, எந்த இடைமுகங்கள் தரவை அனுப்ப வேண்டும், எவை அனுப்பாமல் காத்திருக்க வேண்டும் என்பதைத் தாமாகவே தீர்மானிக்க இந்நெறிமுறை வழி செய்கின்றது. பயன்பாட்டில் உள்ள இணைப்பு ஒன்று அறுந்தால், காத்திருக்கும் இடைமுகம் திறந்து மாற்றுப் பாதையைத் தருகின்றது.

கோட்டுருவியலில், ஒரு கோட்டுருவின் எல்லா முனைகளையும் சுழற்சி ஏதுமின்றி இணைக்கும் உட்கோட்டுரு அளாவு மரம் எனப்படும். நெறிமுறையின் பெயர் இதிலிருந்தே வந்தது. இங்கு சுவிட்சுகள் முனைகளாகவும் அவற்றை இணைக்கும் கம்பிகள் விளிம்புகளாகவும் கொள்ளப்படுகின்றன. n முனைகள் கொண்ட மரத்தில் n-1 விளிம்புகளே இருக்க முடியும். எனவே ஐந்து சுவிட்சுகளை எத்தனை கம்பிகளால் இணைத்தாலும், அவற்றிடையே தரவைக் கடத்துபவை நான்கு இணைப்புகள் மட்டுமே.

## தேவை

ஒரு கட்டடத்தில் இரண்டு சுவிட்சுகளை ஒரே கம்பியால் இணைத்தால், அக்கம்பி பழுதடையும்போது இரு பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டாவது கம்பி ஒன்றை இணைப்பது இயல்பு. ஆனால் ஈதர்நெட்டில் இந்த இரண்டாவது கம்பியே வலையமைப்பை முழுமையாக முடக்கிவிடக் கூடியது.

இணைய நெறிமுறைப் பொதிகளில் வாழ்நாள் எண் ஒன்று உள்ளது. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அந்த எண் ஒன்று குறைந்து, சுழியமானதும் பொதி கைவிடப்படுகின்றது. ஈதர்நெட் சட்டகத்தில் இத்தகைய எண் எதுவும் இல்லை. வட்டப் பாதையில் சிக்கிய சட்டகம் யாரேனும் கம்பியைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதனால் மூன்று வகைச் சிக்கல்கள் எழுகின்றன.

* பரப்பல் புயல்: எல்லாக் கணினிகளுக்கும் உரிய பிராட்காஸ்ட் சட்டகம் ஒன்றைப் பெறும் சுவிட்ச், அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அதன் படியை அனுப்புகின்றது. சுழல் பாதை இருந்தால் இப்படிகள் மீண்டும் மீண்டும் திரும்பி வருகின்றன. இணைப்புகள் பல இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அவை பெருகுகின்றன. சில நொடிகளில் இணைப்புகளின் கொள்ளளவு முழுவதும் இவற்றால் நிரம்பிவிடும்.
* முகவரி அட்டவணைக் குழப்பம்: எந்தக் கணினி எந்தப் போர்ட்டின் பக்கம் உள்ளது என்பதை, வரும் சட்டகங்களின் மூல மேக் முகவரியைக் கொண்டே சுவிட்ச் கற்றுக்கொள்கின்றது. ஒரே முகவரி வெவ்வேறு போர்ட்டுகளில் மாறி மாறித் தோன்றினால் அட்டவணை ஓயாமல் மாறும்.
* பன்முறைப் படிகள்: ஒருமுறை அனுப்பிய சட்டகம் பெறுநரைப் பலமுறை சென்றடையும்.

புயல் வீசும்போது சுவிட்சுகளின் செயலகமும் திணறுவதால், தொலைவிலிருந்து உள்நுழைந்து பழுதைச் சரிசெய்வதும் பெரும்பாலும் இயலாமற் போகின்றது.

## வரலாறு

இந்நெறிமுறைக்கு அடிப்படையான வழிமுறையை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பணியாற்றியபோது வடிவமைத்தார். இதனை விளக்கும் அவரது ஆய்வுக்கட்டுரை 1985 இல் வெளியானது. ஜாய்ஸ் கில்மர் எழுதிய "ட்ரீஸ்" என்னும் ஆங்கிலக் கவிதையின் சாயலில் பெர்ல்மன் எழுதிய "அல்கோரைம்" என்னும் சிறு கவிதையும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. மரத்தின் இலக்கணத்தையும் வேரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அக்கவிதை கூறுகின்றது. பெர்ல்மன் 2014 இல் இணையப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

மின் மற்றும் மின்னணுப் பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ. இதனை 802.1டி என்னும் செந்தரமாக 1990 இல் வெளியிட்டது. அக்காலத்தில் சுவிட்சுகள் பாலங்கள் எனப்பட்டன. "வேர்ப் பாலம்", "பால அடையாளம்" போன்ற சொற்கள் இன்றும் வழங்குவதற்கு இதுவே காரணம். விரைந்து செயற்படும் வடிவமான ஆர்.எஸ்.டி.பி. 2001 இல் 802.1டபிள்யூ என்றும், பல மரங்களை அமைக்க உதவும் எம்.எஸ்.டி.பி. 2002 இல் 802.1எஸ் என்றும் வெளிவந்தன. 2004 ஆம் ஆண்டின் 802.1டி பதிப்பு பழைய நெறிமுறையை நீக்கி, அதன் இடத்தில் விரைவு வடிவத்தை வைத்தது.

## அடிப்படைக் கூறுகள்

### பால அடையாளம்

ஒவ்வொரு சுவிட்சுக்கும் 8 எண்ணுண்மி நீளமுள்ள அடையாளம் உண்டு. முதல் 2 எண்ணுண்மிகள் முன்னுரிமை எண்ணுக்கும், மீதி 6 எண்ணுண்மிகள் சுவிட்சின் மேக் முகவரிக்கும் உரியவை. முன்னுரிமையின் இயல்பு மதிப்பு 32768. பிற்காலச் செந்தரங்களில் முன்னுரிமைக்கு 4 துணுக்குகள் மட்டுமே ஒதுக்கப்பட்டு, எஞ்சிய 12 துணுக்குகள் மெய்நிகர் வலையமைப்பின், அதாவது விலேனின், எண்ணைக் குறிக்கப் பயன்படுகின்றன. இதனால் முன்னுரிமையை 0, 4096, 8192 என 4096 இன் மடங்குகளாக மட்டுமே தர முடியும். விலேன் 10 இல் இயங்கும் சுவிட்சின் முன்னுரிமை 32778 என்று திரையில் தோன்றுவதற்கும் இதுவே காரணம்: அது 32768 உடன் 10 சேர்ந்த எண்.

### பாதைச் செலவு

ஒவ்வொரு இடைமுகத்திற்கும் அதன் வேகத்தைப் பொறுத்து ஒரு செலவு எண் உண்டு. வேகம் கூடக் கூடச் செலவு குறையும். 1998 ஆம் ஆண்டுச் செந்தரம் பரிந்துரைத்த குறு மதிப்புகளும், பின்னர் வந்த நெடு மதிப்புகளும் வருமாறு:

* நொடிக்கு 10 மெகாபிட்: 100, நெடு மதிப்பு 20,00,000
* நொடிக்கு 100 மெகாபிட்: 19, நெடு மதிப்பு 2,00,000
* நொடிக்கு 1 கிகாபிட்: 4, நெடு மதிப்பு 20,000
* நொடிக்கு 10 கிகாபிட்: 2, நெடு மதிப்பு 2,000

குறு மதிப்புகளில் 10 கிகாபிட்டிற்கு மேற்பட்ட வேகங்களைப் பிரித்துக் காட்ட இடமில்லை. நெடு மதிப்புகள் இதற்காகவே கொண்டுவரப்பட்டன. ஒரே வலையமைப்பில் சில சுவிட்சுகள் குறு மதிப்பையும் சில நெடு மதிப்பையும் கையாண்டால், எதிர்பாராத பாதைகள் தேர்வாகும். எல்லாச் சுவிட்சுகளிலும் ஒரே முறையைப் பின்பற்றுவது இன்றியமையாதது.

### போர்ட் அடையாளம்

ஒவ்வொரு போர்ட்டுக்கும் முன்னுரிமை எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த அடையாளம் உண்டு. செந்தரத்தின்படி முன்னுரிமையின் இயல்பு மதிப்பு 128. இதனை 16 இன் மடங்குகளாக மாற்றலாம்.

### பி.பி.டி.யு.

சுவிட்சுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திச் சட்டகங்கள் பி.பி.டி.யு. எனப்படுகின்றன. இவை 01:80:சி2:00:00:00 என்னும் சிறப்பு முகவரிக்கு, இயல்பாக 2 நொடிகளுக்கு ஒருமுறை அனுப்பப்படுகின்றன. அனுப்பும் சுவிட்ச் எதனை வேராகக் கருதுகின்றது, அவ்வேரை அடையத் தனக்கு ஆகும் செலவு எவ்வளவு, தன் அடையாளம் எது, அனுப்பும் போர்ட் எது ஆகியவை இதில் அடங்கும்.

## செயற்படும் முறை

மரம் மூன்று படிகளில் அமைகின்றது.

1. வேர் தேர்வு: தொடக்கத்தில் ஒவ்வொரு சுவிட்சும் தன்னையே வேர் என அறிவிக்கின்றது. தன்னுடையதைவிடச் சிறிய பால அடையாளம் கொண்ட அறிவிப்பைப் பெற்றதும் அது தன் கோரிக்கையைக் கைவிடுகின்றது. இறுதியில் மிகச் சிறிய அடையாளம் கொண்ட சுவிட்சே வேராகின்றது.
2. வேர்ப் போர்ட் தேர்வு: வேர் அல்லாத ஒவ்வொரு சுவிட்சும், வேரை மிகக் குறைந்த செலவில் அடையும் தன் போர்ட் ஒன்றை வேர்ப் போர்ட்டாகத் தேர்ந்தெடுக்கின்றது. பி.பி.டி.யு.வைப் பெறும் போர்ட்டின் செலவு, அச்செய்தியில் உள்ள செலவுடன் கூட்டப்படுகின்றது.
3. நியமனப் போர்ட் தேர்வு: ஒவ்வொரு கம்பியிலும், வேரை அடையக் குறைந்த செலவு உள்ள சுவிட்சின் போர்ட் நியமனப் போர்ட் ஆகின்றது. வேர் சுவிட்சின் போர்ட்டுகள் வழக்கமாக எல்லாமே நியமனப் போர்ட்டுகள்தாம்.

இவ்விரண்டு வகையிலும் அடங்காத போர்ட்டுகள் தடை நிலையில் வைக்கப்படுகின்றன. செலவு சமமாக இருந்தால் முதலில் அனுப்பும் சுவிட்சின் அடையாளமும், அதுவும் சமமானால் அனுப்பும் போர்ட்டின் அடையாளமும் ஒப்பிடப்படும். எல்லா ஒப்பீடுகளிலும் சிறிய எண்ணே வெல்லும்.

## எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரியில் மூன்று சுவிட்சுகள் உள்ளதாகக் கொள்வோம். அவற்றின் மேக் முகவரிகள் முறையே:

* ஆய்வகச் சுவிட்ச்: 00:10:20:30:40:01
* மையச் சுவிட்ச்: 00:10:20:30:40:02
* நூலகச் சுவிட்ச்: 00:10:20:30:40:03

மையத்திற்கும் நூலகத்திற்கும் இடையே 1 கிகாபிட் இணைப்பு உள்ளது. ஆய்வகச் சுவிட்ச் பழையது. அது மற்ற இரண்டுடனும் 100 மெகாபிட் இணைப்புகளால் இணைக்கப்பட்டுள்ளது. முன்னுரிமை எண்ணை எவரும் மாற்றவில்லை.

மூன்றிலும் முன்னுரிமை 32768 என்பதால் மேக் முகவரியே வேரைத் தீர்மானிக்கின்றது. ஆய்வகச் சுவிட்ச் வேராகின்றது. மையச் சுவிட்ச் வேரை நேராக அடையச் செலவு 19. நூலகம் வழியாக 4 உடன் 19 சேர்ந்து 23. நூலகச் சுவிட்சுக்கும் இதே கணக்கு. எனவே இரண்டும் ஆய்வகத்தை நோக்கிய போர்ட்டையே வேர்ப் போர்ட்டாகக் கொள்கின்றன. மையத்திற்கும் நூலகத்திற்கும் இடையிலான கம்பியில் இரு பக்கமும் செலவு சமம். அடையாளம் சிறியதான மையச் சுவிட்சின் போர்ட் நியமனப் போர்ட்டாக, நூலகச் சுவிட்சின் போர்ட் தடைபடுகின்றது. வலையமைப்பிலேயே விரைவான இணைப்பு பயனற்றுக் கிடக்க, நூலகத்திற்கும் மையத்திற்கும் இடையிலான தரவு முழுவதும் ஆய்வகத்தின் மெதுவான சுவிட்ச் வழியே சுற்றிச் செல்கின்றது. கம்பிகளில் பழுது ஏதும் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியாது. வலையமைப்பு மெதுவாக உள்ளது என்ற முறையீடு மட்டுமே எழும்.

இப்போது மையச் சுவிட்சின் முன்னுரிமையை 4096 ஆக மாற்றினால் அதுவே வேராகின்றது. நூலகம் வேரை நேராக அடையச் செலவு 4. ஆய்வகத்திற்கு நேர் வழியில் 19, நூலகம் வழியாக 23. ஆய்வகத்திற்கும் நூலகத்திற்கும் இடையிலான கம்பியில், செலவு குறைந்த நூலகச் சுவிட்சின் போர்ட் நியமனப் போர்ட்டாக, ஆய்வகச் சுவிட்சின் போர்ட் தடைபடுகின்றது. விரைவான இணைப்பு பயனுக்கு வந்து, மெதுவான இணைப்பு ஒன்று மாற்றாகக் காத்திருக்கின்றது. ஒரே ஓர் எண்ணை மாற்றியதன் விளைவு இது.

## போர்ட் நிலைகள்

பழைய 802.1டி நெறிமுறையில் இயங்கும் போர்ட் பின்வரும் நிலைகளைக் கடக்கின்றது.

* தடை நிலை: தரவுச் சட்டகங்கள் கைவிடப்படும். பி.பி.டி.யு.க்கள் மட்டும் பெறப்படும்.
* கேட்டல் நிலை: பி.பி.டி.யு.க்கள் பெறப்படும், அனுப்பப்படும். தரவு கடத்தப்படாது.
* கற்றல் நிலை: மேக் முகவரிகள் அட்டவணையில் சேர்க்கப்படும். தரவு இன்னும் கடத்தப்படாது.
* முன்செலுத்தல் நிலை: தரவு கடத்தப்படும்.

கேட்டல், கற்றல் நிலைகள் ஒவ்வொன்றும் இயல்பாக 15 நொடிகள் நீடிக்கின்றன. இந்தக் கால அளவு முன்செலுத்தல் தாமதம் எனப்படும். பெற்ற செய்தி ஒன்று புதுப்பிக்கப்படாவிட்டால் செல்லுபடியாகும் நேரம், அதாவது உச்ச வயது, 20 நொடிகள்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மையத்திற்கும் நூலகத்திற்கும் இடையிலான கம்பி அறுந்தால், வேரை இழந்த நூலகச் சுவிட்ச் தன்னையே வேர் என அறிவிக்கும். ஆய்வகச் சுவிட்ச் இத்தாழ்ந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாது. பழைய செய்தியின் வயது 20 நொடிகளைக் கடந்த பின்னரே அதன் தடைபட்ட போர்ட் கேட்டல், கற்றல் நிலைகளுக்குச் செல்லும். ஆக நூலகம் ஏறத்தாழ 50 நொடிகள் துண்டிக்கப்பட்டிருக்கும். தொலைபேசி அழைப்புகளும் தொலைநிலை அமர்வுகளும் அறுபட இது போதுமானது.

இக்கால எண்களைக் குறைத்தால் வேகம் கூடும் எனத் தோன்றலாம். ஆனால் இயல்பு மதிப்புகள், எந்த இரு கணினிகளுக்கும் இடையே அதிகபட்சம் ஏழு பாலங்கள் இருக்கலாம் என்னும் அடிப்படையில் கணக்கிடப்பட்டவை. கணக்கின்றி அவற்றைக் குறைத்தால், செய்தி எங்கும் பரவும் முன்பே போர்ட் திறந்து தற்காலிகச் சுழல் பாதை உருவாகக்கூடும். மேலும், இவ்வெண்களுக்கு வேர் சுவிட்ச் அறிவிக்கும் மதிப்புகளையே மற்றவை பின்பற்றுவதால், வேர் அல்லாத சுவிட்சில் மாற்றுவதால் பயனில்லை.

## விரைவு அளாவு மர நெறிமுறை

ஆர்.எஸ்.டி.பி. நெறிமுறையில் தடை, கேட்டல் நிலைகள் ஒன்றாகி, கைவிடல் நிலை என ஆகின்றன. அதன் பின்னர்க் கற்றல், முன்செலுத்தல் என்னும் இரு நிலைகள் உள்ளன. தடைபட்ட போர்ட்டுகளுக்கு இரு பங்குகள் வரையறுக்கப்பட்டன. வேறொரு சுவிட்ச் வழியாக வேரை அடையத் தயாராக உள்ளது மாற்றுப் போர்ட். அதே சுவிட்ச் அதே பகிர்வுக் கம்பியில் கொண்டுள்ள கூடுதல் போர்ட் காப்புப் போர்ட்.

வேர்ப் போர்ட் பழுதானால் மாற்றுப் போர்ட் காத்திராமல் உடனே அதன் இடத்தைப் பெறுகின்றது. புதிய இணைப்பு ஒன்று வரும்போது, இரு சுவிட்சுகளும் முன்மொழிவு, ஒப்புதல் என்னும் செய்திகளைப் பரிமாறி உடனடியாக முன்செலுத்தலுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு சுவிட்சும் தானே பி.பி.டி.யு.க்களை அனுப்புவதால், தொடர்ந்து மூன்று செய்திகள் வராவிட்டால், அதாவது 6 நொடிகளில், அண்டைச் சுவிட்ச் இழக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

முன்மொழிவுப் பரிமாற்றம் இருமுனை இணைப்புகளில் மட்டுமே நிகழும். இடைமுகம் முழு இருவழி முறையில் இயங்கினால் அது இருமுனை இணைப்பாகவும், அரை இருவழி முறையில் இயங்கினால் பகிர்வு இணைப்பாகவும் கருதப்படும். வேக அமைப்புத் தவறாகி அரை இருவழிக்குச் சென்ற இடைமுகம், விரைவு நெறிமுறை இயங்கியும் பழைய நெறிமுறை போலவே மெதுவாக நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

## இடைமுகங்களில் அமைத்தல்

அமைப்புக் கட்டளைகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். இங்கு சிஸ்கோ நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். கட்டளைகள் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. சுவிட்சில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

### வேரைத் தீர்மானித்தல்

இடைமுகங்களைத் தொடும் முன்னர் வேரையும், அது பழுதானால் வேராக வேண்டிய சுவிட்சையும் முடிவு செய்தல் வேண்டும். முதலாவதற்கு 4096, இரண்டாவதற்கு 8192 என்னும் முன்னுரிமைகளைத் தருவது வழக்கம்.

ஸ்பானிங்-ட்ரீ மோட் ரேப்பிட்-பி.வி.எஸ்.டி.
ஸ்பானிங்-ட்ரீ விலேன் 10 பிரையாரிட்டி 4096

முதல் கட்டளை, ஒவ்வொரு விலேனுக்கும் தனித்தனி மரம் அமைக்கும் சிஸ்கோவின் விரைவு முறையைத் தேர்ந்தெடுக்கின்றது.

### செலவும் போர்ட் முன்னுரிமையும்

ஒரு சுவிட்சுக்கு வேரை அடையப் பல பாதைகள் இருந்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்ய வேண்டுமானால் இடைமுகத்தின் செலவை மாற்றலாம்.

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/1
ஸ்பானிங்-ட்ரீ விலேன் 10 காஸ்ட் 3

இரு சுவிட்சுகளுக்கு இடையே ஒரே வேகமுள்ள இரண்டு கம்பிகள் இருந்தால் செலவும் அனுப்புநரும் சமம். அப்போது போர்ட் முன்னுரிமையாலும் தேர்வை மாற்றலாம்.

ஸ்பானிங்-ட்ரீ விலேன் 10 போர்ட்-பிரையாரிட்டி 64

இவ்விரு கட்டளைகளும் செயற்படும் இடம் வேறு என்பது மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டியது. செலவு, செய்தியைப் பெறும் போர்ட்டில் கூட்டப்படுவதால், பாதையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சிலேயே அதனை மாற்ற வேண்டும். போர்ட் முன்னுரிமை, அனுப்புநரின் அடையாளத்தில் உள்ளதால், வேருக்கு அருகிலுள்ள எதிர்ப்பக்கச் சுவிட்சில் மாற்ற வேண்டும். தவறான பக்கத்தில் மாற்றினால் கட்டளை ஏற்கப்படும், ஆனால் தேர்வு மாறாது.

### விளிம்பு போர்ட்

கணினி, அச்சுப்பொறி போன்ற முனையக் கருவிகள் இணையும் போர்ட்டுகளில் சுழல் பாதை எழ வாய்ப்பு குறைவு. இவற்றை விளிம்பு போர்ட் என அறிவித்தால், இணைத்த உடனே முன்செலுத்தல் நிலைக்குச் செல்லும்.

ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்

இவ்வாறு செய்யாவிட்டால், கணினி விரைவாகத் தொடங்கி டி.எச்.சி.பி. வழங்கியிடம் முகவரி கேட்கும்போது போர்ட் இன்னும் கேட்டல் நிலையிலேயே இருக்கலாம். விடை வராததால் கணினி 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். விளிம்பு போர்ட்டின் மற்றொரு பயன், கணினியை ஏற்றி இறக்குவது மரத்தில் மாற்றம் எனக் கருதப்படாமை. மாற்றம் என அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சுவிட்சுகள் தம் முகவரி அட்டவணையை விரைவில் காலாவதியாக்குவதால், தேவையற்ற தரவு எல்லாப் போர்ட்டுகளிலும் பரவும். சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் இந்த அமைப்பு கூடாது.

### பி.பி.டி.யு. காவல்

விளிம்பு போர்ட்டில் யாரேனும் ஒரு சுவிட்சைச் செருகினாலோ, ஒரே கம்பியின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரு பொருத்துவாய்களில் செருகினாலோ, அங்கு பி.பி.டி.யு. வந்து சேரும். காவல் இயக்கப்பட்ட போர்ட் அதைக் கண்டதும் தன்னை மூடிக்கொள்ளும்.

ஸ்பானிங்-ட்ரீ பி.பி.டி.யு.கார்ட் எனேபிள்

மூடிய போர்ட்டை நிர்வாகியே திறக்க வேண்டும். அல்லது இயல்பாக 300 நொடிகளுக்குப் பின் தானே திறக்குமாறு அமைக்கலாம். காரணத்தை நீக்காமல் திறந்தால் அது மீண்டும் மூடிக்கொள்ளும்.

பி.பி.டி.யு. வடிகட்டி என்பது வேறு. இடைமுகத்தில் இயக்கப்பட்ட வடிகட்டி, செய்திகளை அனுப்புவதையும் ஏற்பதையும் நிறுத்துகின்றது. அதாவது அந்த இடைமுகத்தில் நெறிமுறையே இல்லை என்றாகின்றது. காவல் கதவை மூடுகின்றது. வடிகட்டி காவலாளியை அகற்றுகின்றது. அடிக்கடி மூடிக்கொள்ளும் போர்ட்டுக்குத் தீர்வாக வடிகட்டியை இயக்குவது பேராபத்தை விளைவிக்கும்.

### வேர்க் காவல்

பிற துறை அல்லது வாடிக்கையாளரின் சுவிட்ச் இணையும் போர்ட்டில், அச்சுவிட்ச் வேராக முயன்றால் அதைத் தடுக்க வேர்க் காவல் பயன்படுகின்றது.

ஸ்பானிங்-ட்ரீ கார்ட் ரூட்

மேலான பி.பி.டி.யு. வந்தால் போர்ட் தரவை நிறுத்தும்; அத்தகைய செய்தி நின்றதும் தானே மீளும்.

### சுழல் காவல்

ஒளியிழை இணைப்பில் ஒரு திசை மட்டும் பழுதடைவது உண்டு. அப்போது தடைபட்ட போர்ட்டுக்குச் செய்தி வருவது நின்றுவிடும். எதிரில் யாரும் இல்லை எனக் கருதி அது திறந்துகொண்டால், ஒருதிசைச் சுழல் பாதை உருவாகும். நெறிமுறை செய்தியின்மையைப் பாதுகாப்பாகக் கொள்வதே இதன் அடிப்படைக் குறை. சுழல் காவல் இயக்கப்பட்டால், செய்தி நின்ற போர்ட் திறக்காமல் முரண் நிலையில் நிறுத்தப்படும்.

ஸ்பானிங்-ட்ரீ கார்ட் லூப்

வேர்க் காவல் நியமனப் போர்ட்டுகளுக்கும், சுழல் காவல் வேர், மாற்றுப் போர்ட்டுகளுக்கும் உரியது. ஒரே போர்ட்டில் இரண்டையும் ஒருங்கே இயக்க முடியாது.

### லினக்ஸ் பாலங்கள்

லினக்ஸ் கருனியிலும் மென்பொருட் பாலம் உண்டு. அதில் பழைய அளாவு மர நெறிமுறை உள்ளமைந்துள்ளது. ஆயினும் புதிதாக உருவாக்கிய பாலத்தில் அது இயக்கப்பட்டிருப்பதில்லை. மெய்நிகர் எந்திரங்களை இயக்கும் வழங்கியில் இரு வலையட்டைகளை ஒரே பாலத்தில் சேர்க்கும் முன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். விரைவு வடிவம் வேண்டுமெனில் எம்.எஸ்.டி.பி.டி. என்னும் தனி நிரல் பயன்படுத்தப்படுகின்றது.

## சரிபார்த்தல்

அமைப்பின் பின்னர் "ஷோ ஸ்பானிங்-ட்ரீ விலேன் 10" என்னும் கட்டளையால் பின்வருவனவற்றை உறுதிசெய்யலாம்.

* வேரின் மேக் முகவரி திட்டமிட்ட சுவிட்சினுடையதா? எல்லாச் சுவிட்சுகளும் ஒரே வேரைக் காட்டுகின்றனவா? இரு சுவிட்சுகள் தாமே வேர் எனக் கூறினால் இடையில் எங்கோ செய்தி தடைபடுகின்றது.
* ஒவ்வொரு சுவிட்சின் வேர்ப் போர்ட்டும் விரைவான இணைப்பில் உள்ளதா?
* தடைபட்ட போர்ட்டுகள் எதிர்பார்த்த இடத்தில் உள்ளனவா? கூடுதல் கம்பி இருந்தும் தடைபட்ட போர்ட் எங்கும் இல்லை எனில் உடனே ஆராய வேண்டும்.
* மர மாற்றங்களின் எண்ணிக்கை ஓயாமல் கூடுகின்றதா? அவ்வாறெனில் கடைசி மாற்றம் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது எனப் பின்தொடர வேண்டும்.

பின்னர்ப் பணி நேரத்திற்கு வெளியே ஒரு கம்பியைக் கழற்றி, மாற்றுப் பாதை உண்மையில் திறக்கின்றதா எனப் பார்த்தல் நன்று.

## பாஸ்டன் மருத்துவமனை நிகழ்வு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் வலையமைப்பு 2002 நவம்பரில் ஏறத்தாழ நான்கு நாட்கள் நிலைகுலைந்தது. 1996 இல் இரு மருத்துவமனைகள் ஒன்றிணைந்து உருவான இந்நிறுவனத்தின் வலையமைப்பு, சுவிட்சுடன் சுவிட்சாக இணைக்கப்பட்டு ஒரே பெரும் மரமாக வளர்ந்திருந்தது. சில பாதைகள் ஏழு பாலங்கள் என்னும் எல்லையைக் கடந்திருந்தன. தரவுப் போக்குவரத்து மிகுந்தபோது சுவிட்சுகள் செய்திகளை உரிய நேரத்தில் கையாள இயலாமல் சுழல் பாதைகள் உருவாயின. ஆய்வகச் சோதனைகள், மருந்துக் கட்டளைகள் ஆகியவற்றுக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதப் படிவங்களுக்குத் திரும்ப நேர்ந்தது.

அம்மையத்தின் தகவல் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா, பிற நிறுவனங்கள் கற்றுக்கொள்ளும் பொருட்டு இந்நிகழ்வை வெளிப்படையாக எடுத்துரைத்தார். பெரிய வலையமைப்பைத் திசைவிகளால் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்பட்ட முதன்மையான பாடம். அவ்வாறு பிரித்தால், ஒரு பகுதியில் எழும் புயல் மற்றொரு பகுதிக்குப் பரவாது.

## வரம்புகளும் மாற்று முறைகளும்

அளாவு மரம் பாதுகாப்பைத் தருவது சில இணைப்புகளைப் பயன்படுத்தாமல் வைப்பதன் மூலமே. பணம் செலவிட்டு அமைத்த கம்பிகளில் ஒரு பகுதி எப்போதும் வெறுமையாக இருக்கும். மேலும் தரவு மரத்தின் வழியே செல்வதால், இரு கணினிகளுக்கு இடையே குறுகிய பாதை இருந்தும் சுற்றுப் பாதையிலேயே செல்லக்கூடும். இக்குறைகளை நீக்கப் பல முறைகள் தோன்றின.

* பல அளாவு மர நெறிமுறை: விலேன்களைக் குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு மரம் அமைக்கின்றது. ஒரு மரத்தில் தடைபட்ட இணைப்பு மற்றொன்றில் பயன்படும். ஒரே வட்டாரத்தில் சேர, சுவிட்சுகளின் வட்டாரப் பெயர், பதிப்பு எண், விலேன் பட்டியல் மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.
* இணைப்புத் திரட்டல்: இரு சுவிட்சுகளுக்கு இடையிலான பல கம்பிகளை ஒரே இணைப்பாகக் காட்டுவதால் அவற்றுள் எதுவும் தடைபடாது.
* டிரில்: பெர்ல்மன் முன்னெடுத்த இந்நெறிமுறை 2011 இல் செந்தரமாக வெளியானது. திசைவிகளைப் போலக் குறுகிய பாதைகளைக் கணக்கிட்டு, சட்டகத்துடன் தாவல் எண்ணிக்கையையும் சேர்க்கின்றது.
* குறும்பாதைப் பாலமிடல்: 802.1ஏக்யூ என 2012 இல் வெளியான ஐ.இ.இ.இ. செந்தரம்.

பெரிய தரவு மையங்களில் திசைவித்தலை அடிப்படையாகக் கொண்ட அமைப்புகள் பரவியுள்ளன. எனினும் கம்பிகளைக் கைகளால் செருகும் இடங்களில் தவறுதலாக எழும் சுழல் பாதைக்குக் காப்பாக அளாவு மர நெறிமுறை தொடர்ந்து பயன்படுகின்றது. சுழல் பாதை இல்லாத வடிவமைப்பிலும் இந்நெறிமுறையை அணைத்துவிடாமல் இயக்கத்தில் வைத்திருப்பதே பரிந்துரைக்கப்படும் வழக்கம்.

## இவற்றையும் பார்க்கவும்

* ஈதர்நெட்
* கணினி வலையமைப்பு
* கோட்டுருவியல்
* மேக் முகவரி
* திசைவி